கோல் வாசலில் மட்டும் ஏன் புல் நிற்பதில்லை?

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணத்தில் குருநகரிலோ நாவாந்துறையிலோ அரியாலையிலோ இளவாலையிலோ உள்ள ஓர் உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போங்கள். பொடியள் வந்து சேரமுதல் ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். கோல் கம்பங்களுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பிடி புல்லும் இராது. தரை சற்றுக் குழிந்து, சீமெந்து பூசியதுபோல் இறுகி, மேலே புழுதி படிந்து கிடக்கும். ஆட்டம் தொடங்கும் நடு இடமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் கோணர் கொடி நடும் மூலைகளில், மஞ்சளித்துப் போயிருந்தாலும், புல் இருக்கும். கிள்ளிப் பார்த்தால் அடித்தண்டில் பச்சை தெரியும்.

இரண்டு இடத்துக்கும் வெயில் ஒன்று, சோளகக் காற்று ஒன்று, மண்ணும் மழையும் ஒன்று. வித்தியாசம் கால்கள் மட்டும்தான். "எங்கட மண்ணில புல்லு நிக்காது" என்று சொல்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். மண்ணில் குறை இருந்தால் மூலையிலும் புல் நின்றிராது.

எங்கள் ஊர்க் கழக மைதானத்தைப் பராமரிக்கும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். இந்த வேலையில் புதிதாக மாட்டுப்பட்ட கழகச் செயலாளர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் அடிப்படையை விளங்கப்படுத்தவே இதை எழுதுகிறேன். அடிப்படை விளங்கினால், எந்த வேலையை எப்போது செய்வது என்பதை அநேகமாக நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆட்டமும் புல்லைத் தேய்க்கிறது. ஒவ்வோர் ஓய்வும் அதை வளர்க்கிறது. தேய்கிற வேகம் வளர்கிற வேகத்தை எங்கே முந்துகிறதோ அங்கே வெறுந்தரை தோன்றும். ஆக, நாம் செய்யக்கூடியவை இரண்டே இரண்டு. தேய்வை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பலாம். புல் வளர்வதற்கு உதவி செய்யலாம். மெசின், உரம், மணல், தண்ணீர் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கும்.

அறுகு என்ற விளையாட்டு வீரர்

நம் மைதானங்களில் தானாகவே நிற்கும் புல் பெரும்பாலும் அறுகு. பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அறுகம்புல். வெப்ப நாடுகளில் விளையாட்டுத் திடல்களுக்கென்று தேடித் தேடி வளர்ப்பதும் இதன் இனங்களைத்தான். நாம் காசு கொடுத்து வாங்க வேண்டிய புல் நம் வேலியோரத்தில் சும்மா வளர்கிறது. வெளியிலிருந்து வேறு புல் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்டால், முதலில் இருக்கிற அறுகுக்கு ஒரு வருடம் ஒழுங்காகச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

"ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்தில் நல்ல தாவரவியல் இருக்கிறது. அறுகு இரண்டு வழியில் ஓடும். நிலத்துக்கு மேலே கொடிபோல ஓடி, கணுவுக்குக் கணு வேர் இறக்கும். நிலத்துக்குக் கீழே வெள்ளையான தண்டு ஒன்று ஓடி, எட்டத்தில் போய்த் தலை நீட்டும். தோட்டத்தில் அறுகு பிடுங்கியவர்களுக்கு இந்தத் தண்டின் பிடிவாதம் தெரியும். தோட்டக்காரருக்கு அது தொல்லை, மைதானக்காரருக்கு அதுதான் மூலதனம். மேலே உள்ள இலை முழுவதும் தேய்ந்துபோனாலும் கீழ்த்தண்டு உயிரோடு இருந்தால் புல் திரும்பி வரும். கோடையில் காய்ந்து செத்ததுபோல் கிடப்பதும் பல வேளை சாவல்ல, உறக்கம்.

அறுகுக்கு ஒரு பலவீனம் உண்டு. நிழல் ஆகாது. மைதானத்தின் ஓரத்தில் வேம்போ மலைவேம்போ நின்றால் அதன் அடியில் அறுகு மெலிந்துபோகும். அந்த இடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாங்கு போட்டுப் பார்வையாளர்களை இருத்துங்கள். மரம் நமக்கு வேணும்.

காலடியில் உண்மையில் நடப்பது

சப்பாத்து புல்லைக் கிழிப்பது கண்ணுக்குத் தெரியும். அது சின்னச் சேதம். பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாமல் கீழே நடக்கிறது.

நல்ல மண்ணை ஒரு கை அள்ளினால், அதில் ஏறக்குறையப் பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. வேர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது, அந்த வழியால்தான் இறங்குகிறது. நூற்றுக்கணக்கான கால்கள் திரும்பத் திரும்ப அமுக்கும்போது அந்த இடைவெளி நசிந்து மூடிப்போகிறது. மேலே இருக்கும் 2, 3 அங்குல மண் ஓடுபோல் இறுகிவிடும். பிறகு மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல் மேலே தேங்கும். வெயில் அடித்தால் ஆழத்தில் ஈரமில்லாததால் புல் முதல் நாளே வாடும். ஒரே தரையில் மாரியில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் வருவது இதனால்தான்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒரு நீளமான ஸ்குரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு போங்கள். மூலையில் குத்துங்கள், பிடி வரைக்கும் இறங்கும். கோல் வாசலில் குத்துங்கள். அரை விரலுக்கு மேல் இறங்காவிட்டால் அங்கே புல் இல்லாததற்குக் காரணம் உங்கள் கையில் பிடிபட்டுவிட்டது. ஒரு எச்சரிக்கை: வலிகாமத்தில் சில இடங்களில் செம்மண் படை மெல்லியது, கீழே சுண்ணக்கல். ஸ்குரூ ட்ரைவர் கல்லில் முட்டினால் அதை இறுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். மண் எப்போது நசியும்? காய்ந்த மண் பாரத்தைத் தாங்கும். நனைந்து குழைந்த மண் தாங்காது. தண்ணீர் மண் துகள்களுக்கிடையில் எண்ணெய்போல் வேலை செய்து, அமுக்கும்போது அவற்றை வழுக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. களித்தன்மை கூடிய மண்ணில் இது மோசம், மணல் தரையில் குறைவு. தரையில் தண்ணீர் மின்னும்போது ஆடும் ஒரேயொரு ஆட்டம், காய்ந்த தரையில் பல நாள் ஆடுவதைவிடக் கூடுதலாகக் கெடுக்கும்.

இதை எனக்கு முதலில் விளங்கவைத்தவர் எங்கள் ஊரில் புகையிலையும் வெங்காயமும் செய்த ஒரு வயோதிபர். ஒரு கார்த்திகை மாதம், சேறு தெறிக்க நாங்கள் ஆடிவிட்டு வரும்போது வேலிக்கரையில் நின்று கேட்டார்: "ஈரத்தோட தோட்டத்துக்குள்ள ஆரும் மிதிப்பினமே, தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டோம். அடுத்த சித்திரையில் அந்தத் தரையில் பந்து துள்ளிய விதத்தைப் பார்த்த பிறகுதான் அவர் கேள்வி உறைத்தது.

மழைக்காலத்தில் ஆட்டத்தை நிறுத்துவதா விடுவதா என்பதற்கு இலகுவான ஒரு சோதனை இருக்கிறது. கோல் வாசலிலும் நடுவிலும் குதியை ஊன்றி நில்லுங்கள். சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தால் அன்று ஆட்டம் வேண்டாம். வராவிட்டால் ஆடலாம். இதை ஒரு ஆளின் விருப்பத்துக்கு விடாமல் கழகத்தின் எழுதப்பட்ட விதியாக வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சண்டைதான்.

வாகனங்கள் இன்னொரு கதை. ஒரு வருடம் மார்கழியில் எங்கள் மைதானத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு மேடை போட்டார்கள். சாமான் ஏற்றிய லொறி நடு மைதானத்தால் உள்ளே வந்து, அதே வழியால் திரும்பிப் போனது. அந்த இரண்டு ரயர்ச் சுவடுகளும் இரண்டு வருடத்துக்குப் புல் இல்லாத கோடுகளாகக் கிடந்தன. மைதானத்தை இரவல் கொடுக்கலாம், ஊருக்கு உள்ள இடம்தானே. ஆனால் வாகனம் எந்தப் பக்கத்தால் வரலாம், எங்கே நிற்கலாம் என்று முதலே கயிறு கட்டிக் காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் உள்ளே விடவே வேண்டாம்.

ரோலர் பற்றியும் ஒரு சொல். குண்டும் குழியுமான தரையைக் கண்டதும் ரோலர் உருட்டிச் சமப்படுத்தலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. துடுப்பாட்ட ஆடுகளத்துக்கு அது சரி, அங்கே இறுக்கம்தான் வேணும். உதைபந்தாட்டத் தரைக்கு அது கெடுதல். மேடு அமரும், அதோடு சேர்ந்து மண்ணின் மூச்சும் அடங்கும். பள்ளத்தை மண் போட்டு நிரப்புவதுதான் முறை.

கால்களைப் பரப்புவது

இந்த வேலைக்குச் செலவு கிடையாது, பலனோ எல்லாவற்றிலும் கூட. ஆனாலும் இதைத்தான் நாம் கடைசியாக யோசிக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு போட்டியில் 22 பேர் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறார்கள். 33 ஆள்மணி. ஒரு பின்னேரப் பயிற்சிக்கு 40 பிள்ளைகள் வந்து இரண்டு மணி நேரம் நின்றால் 80 ஆள்மணி. இரண்டு போட்டியைவிடக் கூட. போட்டியிலாவது ஆட்கள் மைதானம் முழுக்க ஓடுவார்கள். பயிற்சியில் கோல் அடித்துப் பழக எல்லோரும் ஒரே கோல் கம்பத்துக்கு முன்னால்தான் வரிசையில் நிற்பார்கள். மைதானத்தைத் தேய்ப்பது பயிற்சிதான், போட்டி அல்ல. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? தூக்கி வைக்கக்கூடிய ஒரு சோடி சின்னக் கோல் கம்பங்களை வெல்டிங் கடையில் செய்வியுங்கள். பயிற்சியை அதில் நடத்தி, வாராவாரம் இடத்தை மாற்றுங்கள். கோல் காப்பாளர் பயிற்சியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால், எல்லைக்கு வெளியே வையுங்கள். சூடேற்றும் ஓட்டமும் உடற்பயிற்சியும் எல்லைக்கு வெளியேதான். இடம் இருந்தால் ஒரு வருடம் வடக்குத் தெற்காகக் கிடந்த ஆடுகளத்தை மறு வருடம் கிழக்கு மேற்காகத் திருப்பலாம். அது முடியாவிட்டாலும் எல்லைக் கோடுகளையும் கம்பங்களையும் நாலைந்து மீற்றர் தள்ளிப் போடலாம். பக்கக் கோட்டில் உதவி நடுவர் ஓடுகிற ஒற்றையடிப் பாதைகூட அப்போது ஆறிவிடும்.

தோட்டக்காரர்கள் தறையை மாற்றி மாற்றிப் பயிர் வைக்கிறார்களே, அதே யோசனைதான்.

பாடசாலை மைதானங்களுக்கு இன்னொரு நெருக்கடி. தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டி. அதன் சூட்டோடு பங்குனியில் துடுப்பாட்டம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும், 1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் உட்படப் பெரிய போட்டிகள் அந்த மாதத்தில்தான் வரும். பிறகு உதைபந்தாட்டம். ஒவ்வொரு விளையாட்டின் பொறுப்பாசிரியருக்கும் தன் பருவம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் புல் ஒன்றுதான். வருடத் தொடக்கத்தில் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து, மைதானத்துக்கென்று ஒரு நாட்காட்டி போட்டு, அதில் ஓய்வு வாரங்களையும் போட்டி நாட்களைப்போல் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தண்ணீர்: முழு மைதானமும் நனைக்க முடியாது, நனைக்கவும் வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கணக்குப் பார்த்துத்தான் பேசவேண்டும். வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை. மழை தந்ததைச் சுண்ணக்கல் சேர்த்துவைக்கிறது, அதைக் கிணற்றால் எடுக்கிறோம். வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயிலும் காற்றும்.

முழு அளவு உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். 7,140 சதுர மீற்றர். ஒரு முறை நன்றாக நனைய ஓர் அங்குலத் தண்ணீர் வேண்டும், அதாவது சதுர மீற்றருக்கு 25 லீற்றர். முழு மைதானத்துக்கும் பெருக்கினால் 1,78,500 லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் 18 தேவை, அதுவும் ஒரு முறைக்கு. எந்தக் கழகத்தாலும் முடியாது. முடிந்தாலும், பக்கத்து வீட்டுக் கிணறு வற்ற நாங்கள் புல் வளர்ப்பது நியாயமும் இல்லை.

இப்போது கோல் வாசலை மட்டும் எடுங்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள சின்னப் பெட்டி 18.32 மீற்றர் நீளம், 5.5 மீற்றர் அகலம். கிட்டத்தட்ட 100 சதுர மீற்றர். அதே ஓர் அங்குலத்துக்கு 2,500 லீற்றர் போதும். கிணற்று மோட்டரும் ஒரு குழாயும் இருந்தால் ஒரு விடியற்காலை வேலை. இரண்டு பெட்டியும் சேர்ந்து முழு மைதானத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஆனால் மைதானம் கெட்டுப்போவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு நம்பிக்கை தந்தது இந்தக் கணக்குத்தான். மற்ற இடங்களைக் கோடையில் உறங்க விடுங்கள், அறுகு எழும்பும். கையிலுள்ள தண்ணீரையும் உழைப்பையும் அந்த இரண்டு பெட்டிக்குக் கொடுங்கள்.

எப்படி இறைப்பது என்பதிலும் பிழை விடுகிறோம். தினமும் பின்னேரம் புழுதி அடங்கக் கொஞ்சம் தெளிப்பது புல்லுக்கு உதவாது. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கிவிடும். அப்படிப் பழகிய புல் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடும். கிழமைக்கு ஒருமுறை, ஆனால் ஆழமாக நனையும்படி விடுங்கள். நேரம் விடியற்காலை. சோளகம் எழும்பிய பிறகு தெளித்தால் பாதி காற்றோடு போய்விடும். ஓர் அங்குலம் விழுந்ததா என்று அறிய நாலைந்து வெறும் ரின்பால் பேணிகளைத் தரையில் வைத்துவிட்டு, அதில் நிற்கும் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மண் இறுகிக் கிடந்து தண்ணீர் வழிந்து ஓடினால், பாதியை விட்டு, அரை மணி நேரம் பொறுத்து மீதியை விடுங்கள்.

கடலோரத்துக் கிணறுகளில் சவர்த் தண்ணீர் வருவது தெரிந்ததே. அறுகு ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் சவர்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே படிந்துவிடும். அங்கே குறைந்த தடவைகளில் நிறைய விடுவது இன்னும் முக்கியம். மாரி மழை மீதியைக் கழுவிவிடும்.

வெட்டுவது, உரம், மணல்

புல் வெட்டுவதில் ஒரே விதி: ஒரு முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். சாதாரண அறுகை 3 சென்ரிமீற்றரில் வைத்திருப்பது உதைபந்தாட்டத்துக்குப் போதும். அதற்கு அது நாலரை ஆகும்போது வெட்டவேண்டும். நாமோ முழங்கால் உயரம் வளர விட்டு, போட்டிக்கு முதல் நாள் தோளில் மாட்டும் மெசினால் மண் தெரிய வழித்துவிடுகிறோம். இலை முழுவதையும் இழந்த புல், வேரில் உள்ள சேமிப்பை எடுத்துத்தான் புது இலை விடும். அதே கிழமை அதன்மேல் போட்டியும் நடந்தால் எங்கே தாங்கும்? அந்த மெசின் வேலியோரத்துக்கு நல்லது. மைதானத்துக்குச் சக்கரத்தில் தள்ளுகிற வெட்டி வேண்டும், அலகு கூராக இருக்கவேண்டும். வெட்டிய துணுக்குகள் சின்னதாக இருந்தால் அப்படியே விடுங்கள், உக்கி உரமாகும்.

ஆடு மாடு மேய்வதைப் பற்றிச் சிலர் கோபப்படுவார்கள். காய்ந்த தரையில் ஆடு மேய்ந்தால் பெரிய கெடுதல் இல்லை. மழைக்காலத்தில் மாடு இறங்கினால் ஒவ்வொரு குளம்பும் ஒரு குழி, அதைத் தவிருங்கள்.

உரத்தில் அவசரம் வேண்டாம். தழைச்சத்துத்தான் புல்லை ஓடவைப்பது, யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு அதுதான். சதுர மீற்றருக்கு 10 கிராம் யூரியாவுக்கு மேல் ஒரு முறையில் போடத் தேவையில்லை. 5 கிராமாகப் பிரித்து இரண்டு முறை போடுவது நல்லது. அப்படியென்றால் ஒரு கோல் பெட்டிக்கு முறைக்கு அரைக் கிலோ. புல் ஈரமில்லாமல் இருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் இலை கருகும். பெருமழை வரப்போகிறது என்றால் போடாதீர்கள். நம் நிலத்தின் கீழ் சுண்ணக்கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மேலே போட்ட உரம் இலகுவாகக் கிணற்றுக்குப் போகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பது பழைய கவலை. புல்லுக்காக அதைக் கூட்டக்கூடாது. நன்றாக உக்கிய மாட்டெருவை அரித்து மெல்லிசாகத் தூவுவது மெதுவான வழி, ஆனால் மண்ணும் இளகும்.

கோடு போடுவதற்கு நீறிய சுண்ணாம்பைத் தூவும் பழக்கத்தை விட்டால் நல்லது. அது புல்லைக் கருக்கும். அதைவிட, விழுந்து எழும்பும் பிள்ளைகளின் கண்ணிலும் காயத்திலும் பட்டால் எரிக்கும். தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பெயின்ற் போதும்.

மணல், இறுகிய மேல்மண்ணைத் திறந்துவைக்க உதவும். ஆனால் இறுகிய தரைக்கு மேல் மணலைக் கொட்டிப் பரப்பினால் பலனில்லை. ஓடு அப்படியே இருக்க அதன்மேல் வழுக்குகிற படை ஒன்று வரும், அவ்வளவுதான். முதலில் துளை, பிறகு மணல். நாலு பல் வைத்த தோட்ட முள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தடித்த கம்பித் துண்டுகளை ஒரு சட்டத்தில் பொருத்தி, காலால் மிதித்து இறக்கும்படி வெல்டிங் கடையில் செய்விக்கலாம். 3, 4 அங்குல ஆழம், ஒரு சாண் இடைவெளிக்குள் இரண்டு மூன்று துளை. இறக்கியதும் பிடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஆட்டினால் மண் இளகும். மண் ஈரப்பதமாக இருக்கும் நாளில் செய்யுங்கள். காய்ந்திருந்தால் இறங்காது. குழைந்திருந்தால் துளையின் சுவர் சட்டி வனைந்ததுபோல் பூசிப்போகும். பிறகு 5 மில்லிமீற்றர் தடிப்பில் மணலைத் தூவி, தும்புத்தடியால் துளைகளுக்குள் கூட்டிவிடுங்கள். ஒரு கியூப் (100 கன அடி) மணல் ஐந்து கோல் பெட்டிக்குப் போதும், ஒரு முழு லோட் ஏற்றத் தேவையில்லை. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. அனுமதியோடு எடுத்த மணலாகவும் இருக்கட்டும். ஒரு மைதானத்துக்காக ஒரு மணல் திட்டியை அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

களைகளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நெருஞ்சியும் பார்த்தீனியமும் வெறுந்தரை தேடித்தான் வரும். காய்க்கமுதல் பிடுங்குங்கள், பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். அறுகு மூடினால் அவை தாமாகக் குறையும்.

ஐப்பசி முதல் தைப்பொங்கல் வரை

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் பத்துப் பன்னிரண்டு கிழமைகள் பெறுமதியானவை. மழை சும்மா கிடைக்கிறது, சூடும் போதுமான அளவு இருக்கிறது. அறுகு ஓட வேண்டிய காலம் இதுதான். மண் குழைந்து நசியும் காலமும் இதுதான். புல் வளரக்கூடிய ஒரே பருவத்தில், தரை மிகவும் மென்மையாக இருக்கும்போது நாம் அதன்மேல் ஆடிக்கொண்டிருக்கிறோம். கோல் வாசல் மொட்டையாவதற்கு என் கணிப்பில் முதற்காரணம் இது. உரமும் மெசினும் இல்லாதது பிறகுதான்.

முழு மைதானத்தையும் மூன்று மாதம் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொடியள் எங்கே போவார்கள்? பின்னேரம் பந்தடிக்க ஓர் இடம் இருப்பது ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே நாங்கள் செய்வது இது. ஐப்பசி முதல் மழையோடு இரண்டு கோல் பெட்டிகளையும் நடுவட்டத்தையும் கதியால் நட்டுக் கயிறு கட்டி மறிக்கிறோம். தரை தாங்குகிற நாட்களில் குறுக்கே, சின்னக் கோல்களில், ஏழு பேர் ஆட்டம் நடக்கும். தரை ஊறும் நாட்களில் அதுவும் இல்லை.

மறித்த இடத்தில் துளையிட்டு, பள்ளத்தை மண்ணும் மணலும் உக்கிய எருவும் கலந்து நிரப்பி, சுற்றுத் தரையைவிட ஒரு விரல் உயர்த்தி விடவேண்டும், பிறகு அமரும். புல்லை வெளியில் வாங்க வேண்டாம். அதே மைதானத்தின் மூலையிலிருந்து அறுகுக் கொடிகளைப் பெயர்த்து, மூன்று கணு வரும்படி அரைச் சாண் துண்டுகளாக வெட்டி, ஒரு சாணுக்கு ஒன்றாக வரிசையில் நடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. நட்ட இடத்தைக் காலால் மெதுவாக அமர்த்தி, மழை இல்லாத நாட்களில் முதல் இரண்டு கிழமையும் தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஆழமாக இறைக்கவேண்டும் என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு, வேர் பிடிக்கும் வரைதான். ஒரு மாதத்தில் கொடி ஓடத் தொடங்கும். எட்டுப் பத்துக் கிழமையில் பெரும்பாலும் மூடிவிடும்.

கயிறு கட்டிய முதல் வருடம் சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டி ஓடினார்கள். இரண்டாம் வருடம் கொடி நடுவதை அவர்களைக் கொண்டே செய்வித்தோம். ஆளுக்கு இரண்டு வரிசை. அதற்குப் பிறகு கயிற்றைக் காவல் காக்க வேறு ஆள் தேவைப்படவில்லை. யாராவது உள்ளே கால் வைத்தால் "அண்ணை, அது என்ர வரிசை" என்று ஒரு குரல் கேட்கும்.

பொங்கல் வந்ததும் உடனே திறக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மேலே பச்சையாகத் தெரிவதை நம்பாதீர்கள். மறித்த இடத்துக்குள் போய், குனிந்து, ஒரு பிடி புல்லை இறுக்கிப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். மண்ணோடு பெயர்ந்து கையில் வந்தால் இன்னும் இரண்டு கிழமை பொறுக்கவேண்டும். நுனி மட்டும் அறுந்து, தண்டு மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் கயிற்றை அவிழ்க்கலாம்.